அரை நிமிடம் உறையும் ஹார்ட் டிஸ்க்: குற்றவாளி டிரைவரா?

கேள்வி: 2024 ஜனவரி 11, இரவு 9:12

லினக்ஸ் கணினி. சிஸ்டம் எஸ்எஸ்டியில் இருக்கிறது, என் கோப்புகள் எல்லாம் ஒரு 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில். மூன்று வாரமாக தினமும் மாலையில் திரை அப்படியே நின்றுவிடுகிறது. மவுஸ் நகரும், வேறொன்றும் அசையாது. ஒரு நாள் அரை நிமிடம், இன்னொரு நாள் இரண்டு மூன்று நிமிடம். அப்புறம் எதுவுமே நடக்காதது போல ஓடும். லாக்கில் (கணினி எழுதும் பதிவேட்டில்) கமாண்ட் டைம் அவுட், அதாவது கட்டளைக்கு நேரத்துக்குள் பதில் இல்லை, அதன் கீழே லிங்க் ஹார்ட் ரீசெட், அதாவது டிஸ்க் இணைப்பை மீளத் துவக்குவது, என்று வருகிறது. லினக்ஸின் மையமான கெர்னலைப் புதுப்பித்த பிறகுதான் இது தொடங்கியது, ஆகவே டிஸ்க்கை இயக்கும் மென்பொருளான டிரைவரின் கோளாறுதான். டைம் அவுட்டை 30 விநாடியிலிருந்து 180 ஆக்கினால் சரியாகும் என்று படித்தேன். ஆக்கிவிடட்டுமா?

பதில்: ஜனவரி 11, இரவு 10:05

வேண்டாம். 180 ஆக்கினால் அரை நிமிடம் உறைவது மூன்று நிமிடம் உறையும், அவ்வளவுதான் லாபம்.

டிரைவரையும் விட்டுவிடுங்கள். சாட்டா (டிஸ்க்கை மதர்போர்டோடு சேர்க்கும் இணைப்பு) டிஸ்க்குக்கான லினக்ஸ் டிரைவர் பல லட்சம் கணினிகளில் ஓடுகிறது. அது உங்கள் ஒருவரிடம் மட்டும் மாலையில் தகராறு செய்யாது. டைம் அவுட் என்று எழுதியது டிரைவர், அவ்வளவுதான். "கேட்டேன், பதில் வரவில்லை" என்று சொன்னவனையே பிடித்து உள்ளே போடுகிறோம்.

முதலில் முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அப்புறம் மூன்று விஷயம் வேண்டும். டிமெசேஜில், அதாவது கெர்னல் லாக்கில், அந்த வரிகள், முன்னும் பின்னும் பத்து வரி சேர்த்து. டிஸ்க் தன் உடல்நிலை பற்றி வைத்திருக்கும் ஸ்மார்ட் கணக்குகளை ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி அச்சிட்டுத் தரும் முழு அட்டவணை. சமீபத்தில் பெட்டியைத் திறந்து எதையாவது தொட்டீர்களா என்பது.

ஜனவரி 11, இரவு 10:31

பேக்கப் தினமும் மாலை ஏழு மணிக்கு வெளி டிஸ்க்குக்குத் தானாகவே போகிறது, அதனால் அந்தக் கவலை இல்லை என்கிறார் கேள்வி கேட்டவர். நல்லது. கேட்கவே நிம்மதி.

(இந்த இரண்டு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்காக என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.)

ஜனவரி 12, காலை 7:20

ஒரு டிஸ்க் பதில் சொல்லாததற்கு முழுக் கணினியும் ஏன் நிற்க வேண்டும் என்று தனியாகக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

டிரைவர் ஒரு கமாண்டை அனுப்பும்போதே கடிகாரத்தையும் ஓடவிடுகிறது. லினக்ஸில் அது வழக்கமாக 30 விநாடி. என்சிக்யூ (கமாண்டுகளை வரிசையில் வாங்கி வைக்கும் வசதி) இருக்கும் சாட்டா டிஸ்க்கில் ஒரே சமயத்தில் 32 கமாண்ட் வரை வெளியே நிற்கலாம், டிஸ்க் தன் வசதிப்படி வரிசையை மாற்றி முடிக்கும். அதில் ஒன்றுக்குப் பதில் வராமல் 30 விநாடி கடந்துவிட்டால் கெர்னல் அந்த போர்ட்டை உறைய வைக்கிறது. லாக்கில் "ஃப்ரோசன்" என்று வருவது அதைத்தான். பிறகு லிங்க்கை ரீசெட் செய்து, டிஸ்க்கிடம் "நீ யார்" என்று மறுபடி கேட்டு, முடியாமல் நின்ற கமாண்டுகளை எல்லாம் திரும்ப அனுப்பும். மாட்டிக்கொண்டது ஒன்று, காத்திருந்தது முழு வரிசை.

அந்த டிஸ்க்கில்தான் உங்கள் கோப்புகள் எல்லாம் இருக்கின்றன. டெஸ்க்டாப்பில் ஓடும் ஒவ்வொரு செயலியும் ஏதோ ஒரு அமைப்புக் கோப்பைத் தொடப் போய் வரிசையில் நிற்கும். மவுஸ் அம்புக்குறிக்கு டிஸ்க் தேவையில்லை, அது மட்டும் உலா வரும்.

திரும்ப அனுப்பியதும் மாட்டிக்கொண்டால் இன்னொரு 30 விநாடி. உங்கள் இரண்டு மூன்று நிமிடம் அப்படி வந்ததாக இருக்கலாம்.

ஜனவரி 12, காலை 7:26

அந்த நேரத்தில் செயலியைக் கட்டாயமாகக் கொல்லும் கில் மைனஸ் 9 அடித்துப் பார்த்தேன், சாகவில்லை என்றும் எழுதியிருக்கிறார். சாகாது. டிஸ்க் பதிலுக்காகக் காத்திருக்கும் புராசஸ் டி என்ற நிலையில் இருக்கும். எமனே வந்தாலும் "ரீட் முடியட்டும், வருகிறேன்" என்றுதான் சொல்லும். 120 விநாடி தாண்டினால் கெர்னல் அதையும் தனியாக லாக்கில் புலம்பும்.

ஜனவரி 12, இரவு 11:02

லாக் வரும் வரை என் கதை. நான்கு ஹார்ட் டிஸ்க் போட்ட ரெய்டு பெட்டி (பல டிஸ்க்குகளைச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தப்பும்படி வைப்பது) ஒன்று வைத்திருந்தேன். வாரம் ஒரு முறை, பெரும்பாலும் ஞாயிறு அதிகாலை, மூன்றாம் டிஸ்க் ரெய்டிலிருந்து விழும். டைம் அவுட், ரீசெட், மறுபடி டைம் அவுட், வெளியே. காலையில் எழுந்து திரும்பச் சேர்ப்பேன், ஒரு நாள் முழுக்க மறுகட்டுமானம் ஓடும்.

டிஸ்க்கை மாற்றினேன். புதியதும் விழுந்தது. கேபிளை மாற்றினேன். இரண்டு வாரம் அமைதி, மூன்றாம் வாரம் விழுந்தது. மதர்போர்டில் வேறு போர்ட்டுக்கு மாற்றினேன். கெர்னலைப் பழைய பதிப்புக்கு இறக்கினேன், ஏற்றினேன். என்சிக்யூவை நிறுத்தினேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் "அப்பாடா, இதுதான்" என்று நினைத்தேன். நான்கு மாதம் போனது.

முடிவு நாளைக்கு. தூக்கம் வருகிறது.

ஜனவரி 13, மாலை 6:40

லாக் வந்துவிட்டது. என் கதை காத்திருக்கட்டும்.

இதில் பார்க்க வேண்டியவை இரண்டே இடம். ஒன்று, எஸ்எர் என்ற எண். சாட்டா லிங்க்கில் ஏற்படும் பிழைகள் அதில் பதிவாகும். அது பூஜ்யம் இல்லாமல், கூடவே பேட் சிஆர்சி, டிஸ்பார், 10பி8பி போன்ற சொற்கள் இருந்தால் கம்பிவழி சந்தேகம்: கேபிள், கனெக்டர், சில சமயம் போர்ட். இரண்டாவது, கடைசி வரியில் டிஸ்க் திருப்பித் தந்த நிலை. யூஎன்சி என்றிருந்தால் டிஸ்க்கே "இந்த செக்டரைப் படிக்க முடியவில்லை" என்று ஒப்புக்கொண்டது; செக்டர் என்பது டிஸ்க் தரவை எழுதும் சின்னத் துண்டு. ஐசிஆர்சி என்றிருந்தால் தரவு வழியில் சிதைந்தது. வெறும் டிஆர்டிஒய் (டிஸ்க் தயார்) மட்டும் இருந்து, காரணம் டைம் அவுட் என்றால், டிஸ்க் எதையுமே சொல்லவில்லை.

உங்களுடையது மூன்றாவது வகை. எஸ்எர் பூஜ்யம், டிஆர்டிஒய், டைம் அவுட். மௌனம்.

ஸ்மார்ட் அட்டவணை: 5ஆம் எண், அதாவது கெட்டதற்குப் பதிலாக மாற்றி ஒதுக்கிய செக்டர், 0. 197, படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டர், 0. 199, சிஆர்சி பிழை, அதாவது வழியில் தரவு சிதைந்த கணக்கு, 14. மேலே "பாஸ்டு" என்று பெரிதாக இருப்பதைக் கண்டுகொள்ள வேண்டாம். அந்த வார்த்தையை அச்சிட்டபடியே செத்துப்போன டிஸ்க்குகளைப் பார்த்திருக்கிறேன்.

செக்டர்கள் சுத்தம், 199இல் 14. எனக்குக் கேபிள் வாசனை அடிக்கிறது. மாற்றிப் பாருங்கள்.

ஜனவரி 13, இரவு 8:15

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். 199 ஏறும், இறங்கவே இறங்காது. டிஸ்க் பிறந்ததிலிருந்து மொத்தக் கணக்கு. அந்த 14 நேற்று வந்ததா, மூன்று வருடம் முன்பு யாரோ கேபிளைப் பாதி செருகியபோது வந்ததா என்பது எண்ணில் தெரியாது. இன்று 14 என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை உறைந்த பிறகு 15 ஆனால்தான் அது சாட்சி.

இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கேபிள் மேல் எனக்கு ஏன் இத்தனை ஆசை என்பது என் கதையின் மீதியைப் படித்தால் புரியும்.

ஜனவரி 14, காலை 9:50

மீதி. நான்கு மாதம் கழித்து நான் செய்த முதல் உருப்படியான வேலை, எதையும் மாற்றாமல் லாக்கை மட்டும் உட்கார்ந்து படித்தது. விழுந்தது மூன்றாம் டிஸ்க் என்று எழுதினேன் அல்லவா? அதே விநாடியில் நான்காம் டிஸ்க்கிலும் ஒரு ரீசெட் இருந்தது. அது தப்பிப் பிழைத்ததால் நான் கவனிக்கவே இல்லை. இரண்டு டிஸ்க் ஒரே விநாடியில் கெட்டுப்போகாது. இரண்டுக்கும் பொதுவாக எது என்று பார்த்தால், பவர் சப்ளையிலிருந்து வந்த ஒரே கம்பி, அதை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டர்.

ஸ்மார்ட் அட்டவணையில் 12ஆம் எண், டிஸ்க்குக்கு எத்தனை முறை மின்சாரம் வந்தது என்ற கணக்கு. பெட்டியை நான் மாதக்கணக்கில் அணைக்கவில்லை. ஆனால் அந்த எண் வாரத்துக்கு ஒன்று இரண்டு ஏறியிருந்தது. 192ஆம் எண்ணும், அதாவது மின்சாரம் போய், தட்டைப் படிக்கும் தலையை அவசரமாக இழுத்துக்கொண்ட கணக்கு, கூடவே ஏறியிருந்தது. நடுவில் டிஸ்க்குக்கு ஒரு கணம் மின்சாரம் போய் வந்திருக்கிறது, நான் கேபிளும் கெர்னலும் மாற்றிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஸ்பிளிட்டரைக் கழற்றினேன். நாலு துளையுள்ள வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டர். மஞ்சள் கம்பி நுழையும் துளையைச் சுற்றி மட்டும் டீக்கறை போல ஒரு பழுப்பு வளையம். உள்ளே இருக்கும் குழல் மாதிரி பின் வாயகன்று தளர்ந்திருந்தது, விரலால் ஆட்டினால் ஆடியது. மஞ்சள் 12 வோல்ட், மோட்டாரைச் சுற்றும் கம்பி. ஞாயிறு அதிகாலை ரெய்டு சரிபார்ப்பு ஓடி நான்கு டிஸ்க்கும் ஒன்றாக உழைக்கும்போது அந்தத் தளர்ந்த பின் சூடாகித் தொடுப்பு விட்டுவிடும்.

ஸ்பிளிட்டரைத் தூக்கி எறிந்து நேர்க் கம்பி கொடுத்தேன். அதோடு நின்றது. அன்றிலிருந்து யார் டைம் அவுட் என்றாலும் என் கண் கம்பிக்குத்தான் போகும்.

ஜனவரி 14, இரவு 7:30

அவருடைய 12ஆம் எண் கணினியை அணைத்து ஏற்றியபோது மட்டுமே ஏறியிருக்கிறது, மின்சாரத்தில் குறையில்லை. கேபிளை மாற்றிவிட்டாராம், மேசையை நகர்த்தி எல்லா இணைப்பையும் பிடுங்கி மறுபடி செருகினாராம். பார்ப்போம்.

ஜனவரி 15, காலை 8:05

விண்டோஸ் வைத்திருக்கும் ஒருவர் நடுவில் புகுந்து, தனக்கும் இதே தொல்லை, எங்கே பார்ப்பது என்கிறார்.

ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதி. 129 என்ற எண்ணில் "டிவைஸுக்கு ரீசெட் கொடுக்கப்பட்டது" என்று வந்தால், இங்கே நாம் பேசும் அதே சங்கதி: கேட்டான், பதில் இல்லை, தட்டி எழுப்பினான். 153 என்றால் கமாண்டை மறுபடி முயன்றிருக்கிறது. 7 என்றால் கெட்ட பிளாக், அது நேரடி வாக்குமூலம். 11 என்றால் கன்ட்ரோலர் பிழை, கம்பியையும் பாருங்கள். டைம் அவுட் அளவு ரெஜிஸ்ட்ரியில் டிஸ்க் சர்வீஸின் கீழே டைம்அவுட்வேல்யூ என்ற பெயரில் இருக்கும், வழக்கமாக 60 விநாடி.

எக்ஸ்பி காலத்து ஆட்களுக்கு இன்னொரு நினைவு வரும். சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ இணைப்பின் பழைய டிரைவர், டைம் அவுட்டும் சிஆர்சி பிழையும் சேர்ந்து மொத்தம் ஆறு ஆனதும் டிஎம்ஏ (பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் தரவை நகர்த்தும் முறை) வேகத்தை ஒரு படி குறைக்கும். இப்படியே படிப்படியாக இறங்கிக் கடைசியில் பிராசசரே தரவைச் சுமக்கும் பிஐஓ முறையில் போய் உட்காரும். அப்புறம் ஒரு படத்தை நகலெடுக்கக்கூட பிராசசர் மூச்சு வாங்கும். கேபிளைச் சரிசெய்தாலும் வேகம் திரும்பாது, டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலையே நீக்கிவிட்டு மறுபடி துவக்க வேண்டும். அதில்தான் "டிரைவரை மறுபடி நிறுவு, சரியாகும்" என்ற நம்பிக்கை வேர்விட்டது என்பது என் ஊகம். அப்போது அது உண்மையிலேயே வேலை செய்தது.

லினக்ஸும் இன்று கொஞ்சம் அப்படித்தான். பிழை தொடர்ந்தால் லிங்க்கை 6 ஜிகாபிட்டிலிருந்து 3க்கு இறக்கும், அல்லது என்சிக்யூவை நிறுத்தும். ஆனால் மறுபடி துவக்கினால் பழையபடி மேலே வந்துவிடும்.

ஜனவரி 20, இரவு 9:00

ஆறு நாளாக ஒரு டைம் அவுட்கூட இல்லை என்று எழுதியிருக்கிறார். கேபிள்தான்! நான் சொன்னேனா இல்லையா?

ஜனவரி 22, இரவு 9:45

வந்துவிட்டது. இன்று மாலை 7:08க்கு. 199 இன்னும் 14தான்.

மேலே இருக்கும் ஆச்சரியக்குறியை அழிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், வருகிறவர்கள் பார்த்துச் சிரிக்கட்டும்.

ஜனவரி 22, இரவு 10:30

கேபிள் இல்லை, மின்சாரம் இல்லை. அடுத்த சந்தேகம் லிங்க் மின்சேமிப்பு. வேலையில்லாதபோது சாட்டா லிங்க்கைத் தூங்க வைப்பார்கள். சில டிஸ்க்குகளும் எஸ்எஸ்டிகளும் எழுந்திருக்கத் தகராறு செய்யும். கெர்னல் தன் அமைப்புகளைக் காட்டும் சிஸ் அடைவில் எஸ்சிஎஸ்ஐ ஹோஸ்டின் கீழ் லிங்க் பவர் மேனேஜ்மென்ட் பாலிசி என்ற கோப்பு இருக்கும், அதில் மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் என்று எழுதினால் தூக்கம் கிடையாது. நாளை மாலை வரை பார்க்கலாம்.

ஜனவரி 23, இரவு 8:10

மாலை 7:09. அதுவும் இல்லை.

ஏழு எட்டு, ஏழு ஒன்பது. ஏழு மணிக்கு அங்கே என்ன ஓடுகிறது என்று கேட்கப் போய், இந்தப் பக்கத்தில் மேலே ஏறிப் பார்த்தேன். பேக்கப். முதல் நாளே சொல்லியிருக்கிறார். நான் "நல்லது, நிம்மதி" என்று எழுதியிருக்கிறேன்.

அந்த ஆறு நாள் அமைதி? கேட்டுவிட்டேன். கேபிள் மாற்ற எல்லாவற்றையும் பிடுங்கியபோது வெளி டிஸ்க்கை மறுபடி செருக மறந்துவிட்டாராம். ஞாயிறன்றுதான், அதாவது 21ஆம் தேதி இரவு, கவனித்துச் செருகியிருக்கிறார். வெளி டிஸ்க் இல்லாததால் பேக்கப் ஓடவில்லை, பேக்கப் ஓடாததால் உறையவில்லை. நான் என் கேபிளுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 23, இரவு 10:55

இப்போது, சொல்லவே வாய் கூசுகிறது, அவர் முதலில் கேட்டதைச் செய்யச் சொல்லப் போகிறேன். டைம் அவுட்டை 180 ஆக்குங்கள்.

ஏனென்று சொல்கிறேன். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க் ஒரு முறை சுற்ற 8.3 மில்லிவிநாடி ஆகும். ஒரு செக்டரைப் படிக்க முடியாவிட்டால் அடுத்த சுற்றில் அது மறுபடி தலைக்குக் கீழே வரும், டிஸ்க் மறுபடி முயலும், தலையைக் கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தி முயலும். 30 விநாடியில் 3,600 சுற்று. ரெய்டுக்கென்று விற்கும் டிஸ்க்குகள் வழக்கமாக 7 விநாடியில் கைவிட்டு "முடியவில்லை" என்று சொல்லிவிடும், மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று. சாதாரண மேசைக்கணினி டிஸ்க்குக்கு அந்த அவசரம் கிடையாது. தரவு வேறெங்கும் இருக்காது என்ற எண்ணத்தில் அது இரண்டு நிமிடம்கூட மல்லுக்கட்டும்.

கெர்னலோ 30 விநாடியில் பொறுமை இழந்து ரீசெட் கொடுக்கிறது. டிஸ்க் பாவம், பாதி முயற்சியில் கழுத்தைப் பிடித்துத் தள்ளப்படுகிறது. அது "இந்த செக்டர் கெட்டது" என்ற முடிவுக்கே வரவில்லை. அதனால் யூஎன்சி சொல்லவில்லை, 197இலும் ஏற்றவில்லை. அட்டவணை சுத்தமாக இருந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். மறுபடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து.

180 கொடுத்தால் முடித்துவிட்டுப் பேசும். உறைவு நீளும், ஆனால் வாயைத் திறக்கும்.

ஜனவரி 23, இரவு 11:10

இன்னொரு வழி, நேர் எதிர்த் திசை: டிஸ்க் அனுமதித்தால் அதன் பொறுமையை 7 விநாடியாகக் குறைப்பது. எஸ்சிடி ஈஆர்சி என்று பெயர், ஸ்மார்ட்சிடிஎல்லில் 70 என்று கொடுக்க வேண்டும், அலகு பத்தில் ஒரு விநாடி. பல டிஸ்க்குகள் அணைத்து ஏற்றினால் இதை மறந்துவிடும். இவருடையது "ஆதரவில்லை" என்று சொல்லிவிட்டது.

டிஸ்க் இதை ஆதரிக்காமல் ரெய்டில் இருந்தால், 180 என்பது சோதனைக்காக மட்டும் இல்லை, நிரந்தரமாகவே வைக்க வேண்டியது. இல்லாவிட்டால் ஒரு கெட்ட செக்டருக்காக நல்ல டிஸ்க் முழுவதும் ரெய்டிலிருந்து வெளியே போகும். ஆக, 11ஆம் தேதி "வேண்டாம், ஆக்காதீர்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

ஜனவரி 24, இரவு 8:00

பேசிவிட்டது. ஏழு மணி சொச்சத்துக்கு உறைந்து, ஒன்றே முக்கால் நிமிடம் கழித்து ரீசெட் இல்லாமல் ஒரு வரி: யூஎன்சி, கூடவே செக்டர் எண். 197 இப்போது 8.

எட்டு என்றால் எட்டு இடம் என்று பயப்பட வேண்டாம். இப்போதைய டிஸ்க்குகள் உள்ளே 4096 பைட் செக்டராக எழுதி, வெளியே 512 பைட்டாகக் காட்டுகின்றன. ஒரே ஒரு உள் செக்டர் போனாலே பல டிஸ்க்குகளில் கணக்கு 8 என்று வரும்.

ஜனவரி 24, இரவு 8:20

ஒருவர் கேட்கிறார், ஸ்மார்ட்டின் நீண்ட சோதனையை முதல் நாளே ஓட்டச் சொல்லியிருந்தால் இது தெரிந்திருக்குமே என்று. ஆமாம். அந்தச் சோதனை டிஸ்க்குக்குள்ளேயே ஓடுவது, கெர்னலின் கடிகாரம் அதைத் தொடாது. கெட்ட இடம் வந்ததும் நின்று எண்ணைச் சொல்லும். இவர் ஓட்டியது இரண்டு நிமிடக் குறுஞ்சோதனை, அது பாஸ். நீண்டது 4 டெராபைட்டுக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் ஓட்டிவிட்டுத் தூங்கியிருக்கலாம். பதின்மூன்று நாள் மிச்சம். கேபிள் பைத்தியத்தில் மறந்தேன்.

ஜனவரி 25, காலை 7:40

எந்தக் கோப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை (ஃபைல் சிஸ்டம்) ஈஎக்ஸ்டி4 என்றால் கையாலேயே கணக்குப் போடலாம். லாக் சொன்ன செக்டர் எண்ணிலிருந்து பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பிரித்த பகுதி) தொடங்கும் செக்டரைக் கழியுங்கள், பெரும்பாலும் 2048. மீதியை எட்டால் வகுங்கள், 4096 பைட் பிளாக் எண் கிடைக்கும். டீபக்எஃப்எஸ் என்ற கருவியில் ஐசெக் என்று போட்டு அந்த எண்ணைக் கொடுத்தால் ஐநோட் எண் (கோப்பின் உள் அடையாள எண்) வரும், என்செக் என்று போட்டு ஐநோட்டைக் கொடுத்தால் கோப்பின் பெயர். பார்ட்டிஷன் தொடக்கத்தைக் கழிக்க மறந்துவிட்டு ஒரு பாவமும் அறியாத கோப்பை நான் ஒருமுறை சந்தேகித்திருக்கிறேன், கவனம்.

அதற்கு முன்னால் புது டிஸ்க் ஒன்று வாங்கி டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியால் முழுவதையும் நகலெடுங்கள். முதல் ஓட்டத்தில் நல்ல இடங்களை வேகமாக அள்ளிவிட்டு, கெட்ட இடத்தைக் கடைசியில் சுரண்டச் சொல்லுங்கள். மேப் கோப்பு கொடுக்க மறக்காதீர்கள், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

ஜனவரி 26, இரவு 9:15

நகல் முடிந்தது. ஒரே ஒரு 4096 பைட் தவிர எல்லாம் வந்துவிட்டது. கோப்பும் தெரிந்துவிட்டது: பல வருடம் முன்பு எடுத்த ஒரு பெரிய குடும்ப வீடியோ.

டிசம்பர் கடைசியில் கோப்புறைகளின் பெயரை எல்லாம் மாற்றி ஒழுங்குபடுத்தினாராம். கெர்னல் புதுப்பித்ததும் அதே வாரம். பேக்கப் எடுக்கும் ஆர்சிங்க் என்ற நிரலுக்குப் பெயர் மாறிய கோப்புறை புதுக் கோப்புறை. வருடக்கணக்கில் யாரும் தொடாத வீடியோவை முதல் பைட்டிலிருந்து படிக்க ஆரம்பித்தது, கெட்ட இடத்தில் முட்டியது. ஒருமுறை முழுதாகப் போயிருந்தால் மறுநாள் தொட்டிருக்காது. போகாததால் தினமும் ஏழு மணிக்கு மறுபடி அதே வீடியோ, அதே செக்டர். அந்த இடம் எப்போது கெட்டதோ, படிக்க யாரும் போகாததால் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது.

பேக்கப் லாக்கைத் திறந்து பார்க்கச் சொன்னேன். டிசம்பரிலிருந்து பேக்கப் ஓடிய ஒவ்வொரு நாளும் கடைசியில் 23 என்ற முடிவு எண். சில கோப்புகள் போகவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் வரியில் வீடியோவின் பெயரே இருந்தது. இத்தனை நாளாக நாங்கள் கெர்னல் லாக்கை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜனவரி 26, இரவு 9:50

அந்த 4096 பைட் போனால் வீடியோவும் போனதா என்று கவலைப்படுகிறார். ஒரு நொடி கட்டம் கட்டமாகத் தெரியும், மீதி ஓடும். ஆனால் அதுவும் தேவைப்படாது என்று தோன்றுகிறது. வெளி டிஸ்க்கில் பழைய கோப்புறைப் பெயரில் தேடிப் பாருங்கள். டெலீட் என்ற தேர்வு கொடுக்காமல் ஆர்சிங்க் ஓட்டியிருந்தால், பெயர் மாற்றும் முன் எடுத்த நகல் அப்படியே இருக்க வேண்டும்.

ஜனவரி 27, காலை 8:30

பழைய டிஸ்க்கை என்ன செய்வது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அந்த செக்டர் மேல் எதையாவது எழுதினால் டிஸ்க் அதைச் சரிபார்த்து, ஒன்று அதே இடத்தையே வைத்துக்கொள்ளும், இல்லை மாற்றிடத்துக்கு அனுப்பும். 197 பூஜ்யமாகும், மாற்றியிருந்தால் 5ஆம் எண் ஏறும். ஒரு செக்டர் போனதற்காக டிஸ்க்கைக் குப்பையில் போட மாட்டேன், முழுவதும் ஒருமுறை எழுதிப் படித்துப் பார்த்து, எண்கள் நகராவிட்டால் இரண்டாம் நகலுக்கு வைப்பேன். நகர்ந்தால் அன்றே தள்ளுபடி. ஒரே பிரதியை அதில் வைக்க மாட்டேன்.

டைம் அவுட் 180 எழுதியது துவக்கும்போது மறைந்துவிடும், டிஸ்க் தென்பட்டதும் தானாக ஓடும் யூடெவ் விதி எழுதினால்தான் நிற்கும். புது டிஸ்க் ஈஆர்சியை ஆதரிக்கிறதாம், அதனால் இவருக்கு இனி அது வேண்டாம்.

ஜனவரி 27, இரவு 7:25

வெளி டிஸ்க்கில் பழைய பெயரில் வீடியோ இருந்ததாம். முழுதாக ஓட்டிப் பார்த்துவிட்டாராம். இன்று ஏழு மணிப் பேக்கப்பின் முடிவு எண் 0.